மைனர் ஆட்டிய எண்ணெய்

வரிசையில் கோகிலவாணிக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேர் என்றால் பத்து நிமிஷம், போனால் கால் மணி நேரம், அதற்குள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். பில் போடுகிறவளைப் பார்த்துத் தவமணி என்று ஆரம்பிக்க வேண்டும். குரல் நடுங்கக் கூடாது. ஒன்பது வருஷம் உன்னை என் கூடப்பிறந்தவளாக நினைத்தேனே என்று சொன்னால் அது அழுகையில் போய் முடியும், பில் போடுகிற இடத்தில் நின்று அழுதால் இந்தப் பெரிய கடைக்காரர்களுக்கு அதைவிட வேடிக்கை வேறு வேண்டாம். நல்லாருக்கியா தவமணி என்று சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, கூடையில் இருக்கிற இந்த ஒற்றை எண்ணெய் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைக்க வேண்டும். வைத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தில் ஈயாடாது. ஆடாத அந்த முகத்தைப் பார்த்தால் போதும், ஆறு வாரமாகத் தொண்டையில் நிற்பது இறங்கிவிடும். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் தன் கடை ஷட்டரை இறக்கி, அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டு, நாலு தெரு தாண்டி நடந்து வந்திருக்கிறாள். அந்த அட்டையைக்கூட அவளே கிறுக்க வேண்டியிருந்தது. கடைக்கு எழுதுகிறவர் அவள் கணவர் தெய்வசிகாமணி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், செவ்வாயும் வெள்ளியும் ஏதோ அப்பார்ட்மெண்டில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார். முன்னால் நின்ற பெரியவர் தள்ளுவண்டியை ஒரு அடி நகர்த்தினார். அவளும் ஒரு அடி நகர்ந்தாள்.

இந்தக் கடையின் பெயரை அவள் மனசுக்குள்ளும் சொல்வதில்லை. பெரிய கடை, அவ்வளவுதான். சாய்பாபா காலனியில் பழைய கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் எழும்பியிருக்கிறது, ஊருக்கு ஊர் ஒன்று வைத்திருக்கிறார்களாம், எல்லாம் இயற்கை, எல்லாம் மண்ணிலிருந்து நேராக என்று வாசலில் எழுதியிருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு வாசனை கிடையாது. மளிகைக் கடைக்கு வாசனை இல்லை என்றால் என்ன கடை அது, ஆஸ்பத்திரிகூட மணக்கும். அவளுடைய கடை ‘கைப்பதம்’, பத்துக்குப் பதினாறடி, ஷட்டரைத் தூக்கும்போதே கருப்பட்டியும் மலைப்பூண்டும் எள்ளும் சேர்ந்து முகத்தில் வந்து மோதும். அங்கே யாரும் ருசி பார்க்காமல் எதையும் வாங்க முடியாது, அது அவள் வைத்த சட்டம். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினால் ஒரு சொட்டுத் தேன், ஒரு விரல் நெய், கால் கரண்டி எண்ணெய். நக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகலாம், கோபமே வராது, நக்காமல் வாங்குகிறேன் என்றால்தான் கோபம் வரும். பதினோரு வருஷத்தில் எத்தனை உள்ளங்கைகள். அதோ, சிறுதானிய அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கிற சுலோசனா மேடம், வங்கியில் இருந்தவர், அவருடைய உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதுகூடக் கோகிலவாணிக்குத் தெரியும். போன மாதம்கூட, கோகிலா, நீ இல்லேன்னா எங்க வூட்ல சமையலே இல்ல என்றார். இப்போது இவளைப் பார்த்ததும் சாமைப் பொட்டலத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை வெகு கவனமாகப் படிக்கிறார். படியுங்கள் மேடம். பொட்டலத்தைத்தான் படிக்க முடியும், அதை நக்க முடியாது. இப்படி நினைத்ததும் கோகிலவாணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்று கண் கரித்தது. சுலோசனா மேடம் போனால் போகட்டும், அவர் ஒரு வாடிக்கை, வாடிக்கை என்றால் நாளைக்கு வேறு கடைக்குப் போகிறதும்தான். நல்லெண்ணெய் போனதுதான் தாங்கவில்லை. அவள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த எண்ணெய்க்காக வருகிறவர்கள், எண்ணெய்க்கு வந்த கையோடுதான் மற்றதை வாங்குவார்கள். அடுத்த வாரம் கடைசி டின் தீர்ந்துவிடும். தீர்ந்தபிறகு ஷட்டரைத் தூக்குவதா வேண்டாமா என்பது தெரியவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால், இதேபோல ஒரு பகல், நாச்சிமுத்துச் செட்டியார் போன் பண்ணினார். கொடுமுடிப் பக்கம் மாட்டுச் செக்கு வைத்து ஆட்டுகிறவர், வயது எழுபதுக்கு மேல், போனை வாய்க்கு அருகில் வைத்துக் கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. "அம்மிணி, அடுத்த மாசத்துல இருந்து எண்ணெய் தர முடியாதுங்க" என்றார். எள்ளு கிடைக்கவில்லையா, உடம்புக்கு ஏதாவதா என்று இவள்தான் பதறினாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மொத்தத்தையும் அந்தப் பெரிய கடைக்காரங்களே எடுத்துக்கறாங்க. எழுதி வாங்கிட்டாங்க." எப்படி அண்ணா, உங்களை அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். "நானாப் போகலீங்க அம்மிணி. அவங்களே காரு போட்டுட்டு வந்தாங்க. வாய்க்கா மேட்டுல திரும்பறது, வேப்ப மரம், ஓட்டு வீடு, எல்லா வழியும் காயிதத்துல வச்சிருந்தாங்க." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எம் பேரப் போட்டிருக்காங்க அம்மிணி, போட்டோவும்" என்றார். அந்தக் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது, அதைக் கேட்டதும் அவளுக்குச் சுறுக்கென்றது. பதினோரு வருஷமாக அவருடைய எண்ணெயை அவள் ‘கைப்பதம் நல்லெண்ணெய்’ என்றுதான் விற்றாள், அவர் பெயரை எங்கேயும் போட்டதில்லை. பெயர் போட்டால் நாளைக்கே எவனாவது நேராகப் போய் நின்றுவிடுவான் என்ற பயம். சிறுகடையின் உயிரே அதில்தான் இருக்கிறது, எங்கே யாரிடம் நல்ல சரக்கு கிடைக்கிறது என்று மற்றவனுக்குத் தெரியாமல் இருப்பதில். அந்த விவரமெல்லாம் ஒரே ஒரு நோட்டில் இருந்தது, பெயர், ஊர், போன், போகிற வழி. கல்லாவுக்குக் கீழே பூட்டி வைத்திருப்பாள், சாவி இரண்டு, ஒன்று அவளிடம், ஒன்று கடையில் வேலை பார்த்த தவமணியிடம். யோசிக்க என்ன இருக்கிறது. போனை வைத்த சூட்டோடு திரும்பினாள், தவமணி அப்போது வரகு நிறுத்துக்கொண்டிருந்தாள். "சாவியைக் குடு" என்றாள். "என்னுங்க்கா?" "சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பு. நோட்டைக் காட்டி வித்துட்டியே, எவ்வளவு குடுத்தாங்க?" தவமணி தராசுத் தட்டைக் கீழே வைத்தாள். இவளைப் பார்த்தாள், அப்புறம் மூலையில் மேஜை போட்டு எழுதிக்கொண்டிருந்த மாஸ்டரைப் பார்த்தாள், பரிந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று பார்க்கிறாள் என்று கோகிலவாணி அப்போது எண்ணிக்கொண்டாள். அவர் நாட்டுச்சர்க்கரைக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. கடை விவகாரத்தில் தலையிடாத மனிதர். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வைத்துவிட்டுத் தவமணி போய்விட்டாள். மூன்று வாரம் கழித்து இதே சுலோசனா மேடம்தான் வந்து, உங்க தவமணி அங்க பில்லு போடறாளே என்றார், கேட்டதும் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. திருடினவளுக்குத் திருடிக் கொடுத்த இடத்திலேயே வேலை. வரிசை நகர்ந்தது, இப்போது முன்னால் மூன்று பேர்.

கூடை கனத்தது. ஒரு லிட்டர் பாட்டில்தான், கை மாற்றிப் பிடித்தாள். பாட்டில் கழுத்தில் சணல் நூலில் சின்ன அட்டை ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதில் செட்டியாரின் படம், புதுச் சட்டை போட்டு, கேமராவைப் பார்த்து பயந்துபோய் இருந்தார். படத்துக்குக் கீழே ஏதோ எழுத்து, கண்ணாடி இல்லாமல் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. படிக்கவே கூடாது என்றுதான் வந்தபோது நினைத்தாள். ஆனால் தவமணியின் முன்னால் போய் நிற்கும்போது எல்லாம் தெரிந்தவளாக நிற்க வேண்டும் அல்லவா, அதனால் கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழுத்து கையெழுத்து. அச்சுதான், ஆனால் கையெழுத்தை அச்சடித்தது. வட்டவட்டமாக, ஒன்றோடொன்று கைகோத்த மாதிரி, கீழே இறங்குகிற கோடெல்லாம் கடைசியில் சற்று வளைந்து. அவள் கடையில் நூற்றுக்குமேல் அட்டைகளில் அந்த எழுத்து இருக்கிறது, வீட்டு வாசல் பலகையில் இருக்கிறது, கல்யாணமான புதிதில் அவர் எழுதிய ஏழு கடிதங்களில் இருக்கிறது. அட பாவி, என்றாள் மனசுக்குள், நோட்டோடு நிற்காமல் அட்டையையும் அல்லவா தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள் இந்தத் தவமணி. இப்போதெல்லாம் ஒருத்தர் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் அதே மாதிரி வேறு எதையும் எழுதித்தள்ளுமாம், அவள் அக்கா மகன் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதியதை இவர்கள் மெஷினில் போட்டு அரைத்திருக்கிறார்கள். அவரிடம் போய் எப்படிச் சொல்வது, பாவம், துடித்துப்போவார். அவருக்காகவும் சேர்த்து இவளை நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்க வேண்டியது இன்னொன்று சேர்ந்ததில் அவளுக்கு ஒரு தெம்புகூட வந்தது. அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். ‘கொடுமுடி பக்கம் நாச்சிமுத்துச் செட்டியார் வாகை மரச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். செக்கைச் சுற்றுவது மைனர் என்கிற செவலைக் காளை. ரேடியோவில் பாட்டுப் பாடினால்தான் நடப்பான். செய்தி வந்தால் நின்றுவிடுவான்.’

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ரேடியோ, செய்தி, நின்றுவிடுவான். உள்ளே எதுவோ நின்றுவிட்டது, ஆனால் என்னவென்று உடனே பிடிபடவில்லை, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு நினைப்பு மட்டும். மைனர் என்ற பெயர் தவமணிக்கு எப்படித் தெரியும்? நோட்டில் இருந்திருக்கும். நோட்டில் இல்லை, நோட்டில் மாட்டுக்கு ஏது இடம். அப்படியானால் அட்டையில். அட்டையில் இல்லை. கடையில் இருக்கிற அட்டையில், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கருப்பட்டி சேர்த்தது, காறல் இல்லாதது என்று மூன்று வரி, அதற்குக் கீழே விலை. அதற்கு முந்தின அட்டை? முந்தின அட்டை ஒன்று இருந்தது. கடை திறந்த வாரம். தவமணி வந்து சேருவதற்கு இரண்டு வருஷம் முந்தி. கடையில் அவளும் அவரும் மட்டும். செட்டியாரைத் தேடிக் கொடுமுடிக்கு பஸ்ஸில் போய்த் திரும்பிய மறுநாள் அவர் பிரஷ் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார், எழுதி முடித்துவிட்டு இரண்டு கையாலும் நீட்டினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை நீட்டுகிற மாதிரி. அந்த மாடு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது, செய்தி ஆரம்பித்ததும் அது காலை ஊன்றி நின்றதைப் பார்த்துத் விழுந்து விழுந்து சிரித்தார், திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார். அவள் படித்தாள். "மாட்டைப் பத்திப் படிச்சுட்டு யாருங்க எண்ணெ வாங்குவா? வெலையக் காணோம். பேரை வேற போட்டு வச்சிருக்கறீங்க, பேரப் போட்டா நாளைக்கு எவனாச்சும் நேராப் போயி நின்னுருவான்" என்றாள். சொல்லிக்கொண்டே அட்டையைக் கிழித்தாள். டின் ஓரத்தில் எண்ணெய் வழிந்திருந்தது, கிழித்த அட்டையாலேயே துடைத்தாள். அவர் இன்னொரு அட்டையை எடுத்து, என்ன எழுதணும் சொல்லு என்றார். அன்றையிலிருந்து என்ன எழுத வேண்டும் என்று அவள்தான் சொல்லிவருகிறாள்.

அவர்தானா. இல்லை, செட்டியாரே மாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இல்லை. மைனர் செத்து நாலு வருஷம் ஆகிறது. செட்டியார் அன்றைக்குப் போனில் விசும்பினார், இப்போது செக்கு சுற்றுவது ஒரு காரிக்காளை, அதற்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை. செத்த மாட்டை நடப்பான் என்று அவர் சொல்லமாட்டார். மாடு செத்தது தெரியாத ஒருவர்தான் இப்படி எழுத முடியும், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த மாட்டைப் பார்த்த ஒருவர். மைனர் செத்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது, உட்காராதே உட்காராதே என்று அவள் தள்ளத்தள்ள உட்கார்ந்தது. செவ்வாயும் வெள்ளியும். எந்த அப்பார்ட்மெண்ட் என்று அவள் கேட்டதில்லை. இரண்டு மாதமாகக் குளிக்கும்போது பாட்டுப் பாடுகிறார். புதிதாக ஒரு பேனா வாங்கினார், கேட்டதற்கு ஒருத்தர் பரிசா குடுத்தார் என்றார். ஒரு நாள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்ட இளைஞன் ஒருவன் கடைக்கு வந்து, சரக்கை விட்டுவிட்டு அட்டைகளையே பார்த்து, இதெல்லாம் யார் மேடம் எழுதினது என்று கேட்டான், இவள்தான் சிரித்துக்கொண்டே மூலையைக் காட்டினாள். எங்க வீட்டுக்காரர், சும்மா பொழுதுபோக்கா எழுதுவார் என்றாள். சும்மா என்று சொன்னாளா? சொன்னாள். நோட்டே தேவைப்பட்டிருக்காது. அந்த நோட்டில் போகிற வழியையெல்லாம் படமாகப் போட்டவரே அவர், வாய்க்கால் மேடும் வேப்ப மரமும் ஓட்டு வீடும் அவர் கையிலேயே இருக்கிறது. மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பார்கள். கேட்டதும் அந்தக் கை, பதினோரு வருஷம் காத்திருந்த கை, முதல் வேலையாக இதைத்தான் எழுதியிருக்கும், பெயரோடு, ஊரோடு, மாட்டோடு. யார் இந்தச் செட்டியார் என்று அவர்கள் ஆவலாகக் கேட்டிருப்பார்கள். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வழியையும் போட்டுக் காட்டியிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. தன் பெண்டாட்டியின் கழுத்தை அறுக்கிறோம் என்று தெரிந்திருக்காது. இப்படி அவருக்காகப் பேசிப் பார்த்தாள், பாதி தூரம் பேசவும் முடிந்தது, அதற்குள் அந்தப் பகல் குறுக்கே வந்து நின்றது. அன்றைக்கு அவருக்குத் தெரியும். சாவியைக் குடு என்று இவள் கத்தினபோது நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். தவமணி பார்த்தது அவரைத்தான், பரிந்து பேசச் சொல்லிப் பார்க்கவில்லை. அவர் நாட்டுச்சர்க்கரைக்கு எழுதிக்கொண்டிருந்த அட்டையில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை, அந்த அட்டை இன்னும் கடையில் இருக்கிறது. தவமணி படி இறங்கிப் போனதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சாப்புடலாமா கோகிலா" என்றார். அதை அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் அவருக்கு இரண்டு கரண்டி ரசம் கூடவே ஊற்றினாள், மனசு கஷ்டப்பட்டிருப்பார் என்று.

கூடையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுலோசனா மேடம் சாமையைப் படித்து முடித்துவிட்டாரா என்று ஒரு புத்தி பார்க்கச் சொன்னது. இன்னொன்று, வரிசையை விட்டுப் போய்விடு என்றது. பாட்டிலை எங்காவது ஒரு அடுக்கில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, வாசல் வழியாக. ஆனால் பின்னால் நாலைந்து பேர் வண்டிகளோடு நெருங்கி நின்றார்கள், இரண்டு பக்கமும் சாக்லேட்டும் சூயிங்கமும் அடுக்கிய தட்டுகள், வெளியே போக வேண்டுமானால் எல்லாரையும் விலகச் சொல்ல வேண்டும், அதற்கு வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் என்ன வருமோ தெரியவில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, இந்த மனிதர். பெரிய கடைக்காரன் தொழில் செய்கிறான், செட்டியார் தன் பெயருக்கு ஆசைப்பட்டார், சுலோசனா மேடத்துக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும், யாரை நொந்து என்ன. இவர் வீட்டுக்குள்ளிருந்து செய்தார். செய்துவிட்டு, அதற்கு ஒருத்தியைப் பலியாக நிறுத்தி வைத்துவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்றார். முன்னால் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், அவள் போனைக் காட்டிப் பணம் கட்டினாள், மெஷின் ஒரு சத்தம் போட்டது, அவள் பையைத் தூக்கினாள். கோகிலவாணி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. "வாங்க்கா" என்றாள் தவமணி.

பச்சை நிறத்தில் சட்டை, மார்பில் பெயர். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகத்தில் ஈயாடிக்கொண்டுதான் இருந்தது, வேலை நேரத்தில் வருகிற யாரையும் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பாட்டிலை எடுத்து மெஷினில் காட்டினாள். "பை வேணுங்களாக்கா?"

"மாஸ்டர் இங்க வர்றாரா?" என்றாள் கோகிலவாணி. குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும்.

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். பாட்டில் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள், இவள் கண்ணில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். "செவ்வாயும் வெள்ளியும் வருவாருங்க. மாடியில ஆபீஸ் ரூம்புல உக்காந்து எழுதுவாரு. இப்பக்கூட இருக்காருங்க, போன் பண்ணட்டுங்களா?"

"வேண்டாம்." பின்னால் யாரோ இருமினார்கள். "அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க்கா. முத ரெண்டு மூணு நாளு நம்ம கடையிலயே வச்சுத்தான் எழுதுனாரு, நீங்க வூட்டுக்குச் சாப்புடப் போற நேரத்துல. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன் தவமணின்னாரு. சொல்லுவாருன்னுதான் நெனச்சேன்." பில் அடித்த காகிதத்தைக் கிழித்தாள். "இந்த வேலைகூட அவருதாங்க்கா சொல்லிச் சேத்துவுட்டாரு. வேண்டாம்னு சொல்ற நெலமையில நான் இல்லீங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களேக்கா. எடுத்தவுடனே சாவியைக் குடுன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. வரகு இன்றைக்கு என்ன விலை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கோகிலவாணிக்கு மன்னிச்சுக்கோ என்று வாயில் வந்தது, அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும், இந்த நிமிஷமே, தன்னிடம் இருப்பதிலேயே பெரியதை. எண்ணெய் இல்லாவிட்டால் போகிறது, கடையைத் திறந்து வைக்க ஒரு காரணமாவது வேண்டும். "தவமணி, திரும்பி வந்துரு" என்றாள். "நாளைக்கே வா. சாவி உங்கிட்டயே இருக்கட்டும், ரெண்டு சாவியும். இனிமே யாரு என்ன சொன்னாலும் உன்னையக் கேக்காம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்."

தவமணியின் கை ஒரு கணம் நின்றது. கண் கலங்கியது போலத்தான் இருந்தது. நம்ம கடை என்றுதானே சற்று முன்னால் சொன்னாள், வந்துவிடுவாள் என்று கோகிலவாணி நினைத்தாள். தவமணி பாட்டிலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "வர்றதுக்கு என்னுங்க்கா, ஆசைதான்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சொல்லக் கூச்சப்படுகிறவள் போல, "இங்க உக்கார ஒரு சேரு குடுத்திருக்காங்க" என்றாள்.

அப்போதுதான் கோகிலவாணி பார்த்தாள். இவ்வளவு நேரமும் தவமணி உட்கார்ந்துகொண்டுதான் பேசியிருக்கிறாள். முதுகுப்பலகை வைத்த சாதாரணக் கறுப்பு நாற்காலி. தன் கடையில் தவமணி எங்கே உட்காருவாள் என்று நினைத்துப் பார்த்தாள். கல்லாவில் ஒரு நாற்காலி, அது தனக்கு. மூலை மேஜையில் ஒன்று, அது அவருக்கு. தவமணி தராசுக்கு முன்னால் நின்றாள், மூட்டை பிரிக்கும்போது நின்றாள், ஆள் வராத மத்தியானங்களில் அடுக்கில் சாய்ந்து நின்றாள், பிள்ளையைச் சுமந்த வருஷம் ஏழாம் மாதம் வரைக்கும் நின்றாள், அக்கா கால் வீங்குதுங்க என்று ஒரு தடவை சொன்னபோது கோகிலவாணி அவளுக்கு ஒரு உள்ளங்கை நல்லெண்ணெய் கொடுத்து நீவிவிட்டுக்கொள்ளச் சொன்னாள். எத்தனை தேடியும் அவள் உட்கார்ந்த ஒரு நாள் அகப்படவில்லை, ஒன்பது வருஷத்தில் ஒரு நாள். "சரி தவமணி" என்றாள். பின்னால் நின்றவர் தன் கூடையை மேடையில் வைத்தார், கோகிலவாணி பாட்டிலை எடுத்துக்கொண்டு நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள்.